தோல்பாவைக்கூத்தை மீட்டுப் படமெடுக்கப் பணம் திரட்டுவது எப்படி?

உங்கள் ஊர்ப் பக்கம் முன்பு கூத்து போட்டுக்கொண்டிருந்த ஒரு பாவைக்கூத்துக் குடும்பம் இருக்கிறது. இப்போது ஆட்டம் நின்றுபோயிற்று. பாவைப் பெட்டி மட்டும் வீட்டில் கிடக்கிறது. அவர்களை மறுபடி ஆடவைத்து, அதை நல்லபடியாகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. கையில் பணம் இல்லை. இதற்குமுன் யாரிடமும் நிதி கேட்டுப் பழக்கமும் இல்லை. அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தோலில் செய்த பாவைகளை விளக்கு வெளிச்சத்தில் திரைக்குப் பின்னால் ஆட்டி, நிழலில் கதை சொல்வது தோல்பாவைக்கூத்து. கன்னியாகுமரி, திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துக் கூத்தைத்தான் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்துக்கும் இதில் பாதிக்குமேல் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் கேமராவிலிருந்து தொடங்குகிறார்கள். ஒருநாள் சாயங்காலம் வண்டியில் போய் இறங்கி, கலைஞர் கையில் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து, அரைமணி நேரம் ஆடச்சொல்லிப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விடும். அந்தப் படத்தில் இருப்பது ஒத்திகை இல்லாத, பார்க்க ஆளில்லாத ஆட்டம். கூத்துக்குத்தான் பணம் திரட்ட வேண்டும். படம் அதன் பின்னால் வர வேண்டும். கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

குடும்பத்திடம் போவது

தமிழ்நாட்டில் தோல்பாவைக்கூத்து ஆடுகிறவர்கள் பெரும்பாலும் மண்டிகர் சமூகத்தினர். வீட்டில் பேசுவது மராத்தி; கூத்தில் பேசுவது தமிழ். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் இந்தப் பக்கம் வந்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்வது. பேருக்குப் பின்னால் 'ராவ்' என்று இருக்கும். நாஞ்சில் நாட்டு ஆய்வாளர் அ.கா. பெருமாள் இந்தக் குடும்பங்களோடு பல ஆண்டுகள் பழகி விரிவாக எழுதியிருக்கிறார். போவதற்கு முன் அதைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள். ஒன்றும் தெரியாமல் போய் "உங்க கலையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்பதற்கும், "உங்க அப்பா காலத்துல பட்டாபிஷேகம் வரைக்கும் பத்து நாளும் ஆடுவாங்களாமே, அண்ணாச்சி" என்று பேச்செடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

முதல் தடவை கேமரா வேண்டாம். ஃபோனைக்கூட வெளியே எடுக்காதீர்கள். அவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள், யார் யார் ஆடத் தெரிந்தவர்கள், ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசித்தவர்கள் இப்போது எங்கே, பெண்களில் பாடத் தெரிந்தவர்கள் யார் என்று பேசிப் பாருங்கள். பாவைக்கூத்தில் ஆட்டுகிறவர் ஒருவரேதான் இராமனுக்கும் இராவணனுக்கும் சூர்ப்பனகைக்கும் குரல் மாற்றிப் பேசிக்கொண்டு, இரண்டு கையாலும் பாவையை ஆட்டுவார். பாவையை எடுத்துக் கொடுப்பதற்கும் பின்பாட்டுக்கும் வீட்டு ஆட்கள் இருப்பார்கள். ஆகவே அந்த ஒருவருக்கு வயது எழுபதானால் உங்கள் திட்டமும் எழுபது வயதுக்காரரின் தொண்டையையும் தோளையும் நம்பித்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நாட்களை வகுங்கள்.

அவர்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்பதை நேராகக் கேளுங்கள். சிலருக்குக் கூத்து என்றாலே பட்ட கடன்தான் ஞாபகம் வரும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்குமேல் வற்புறுத்தக் கூடாது.

ஒப்புக்கொண்டால் அன்றே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒத்திகைக்கும் ஆட்டத்துக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு எவ்வளவு, படம் யாருக்குச் சொந்தம், பணம் பார்க்கும்படி அது எங்காவது ஓடினால் கலைஞருக்கு என்ன பங்கு, அவர்கள் பிடிக்கவில்லை என்று சொன்னால் எந்தக் காட்சியை நீக்கிவிட வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை உண்டு. 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் படத்தில் சேர்க்கச் சம்மதம் என்று எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், வேறுமாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதைக் கலைஞர் தடுக்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி கேட்கும் உரிமை மிஞ்சும். ஆகையால் அந்த 'வேறுமாதிரி ஒப்பந்தத்தை' நீங்களே எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர்களிடம் விட்டுவிட்டு வாருங்கள்.

பெட்டியைத் திறப்பது

செலவுக் கணக்கு பெட்டிக்குள்தான் இருக்கிறது. கலைஞரே பெட்டியைத் திறந்து, பாவைகளை ஒவ்வொன்றாகப் பாயில் எடுத்து வைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள்.

பாவை ஆட்டுத்தோலில் செய்வது. தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குச் சுரண்டி எடுப்பார்கள். உருவத்தை வரைந்து வெட்டி, நகைக்கும் உடைக்கும் உளியால் பொடிப்பொடியாகத் துளையிட்டு, இரண்டு பக்கமும் வண்ணம் தீட்டுவார்கள். நடுவில் பிளந்த மூங்கில் குச்சி ஓடும். தோளிலும் முழங்கையிலும் நூல் முடிச்சு இருக்கும். கை ஆடுவது அந்த முடிச்சில்தான். நான் பார்த்த ஒரு பெட்டியில் அனுமாரின் வால் மூன்று இடத்தில் ஒடிந்து, தூண்டில் நரம்பால் தைக்கப்பட்டிருந்தது. விளக்கு முன்னால் பிடித்தபோது அந்தத் தையல் கறுப்புக் கோடாகத் தெரியவில்லை. நரம்பு கண்ணாடிபோல இருந்ததால் வெளிச்சம் அதற்குள் போய்விட்டது. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். உங்கள் வேலை தோலும் நேரமும் கூலியும் கிடைக்கச் செய்வது.

ஒவ்வொரு பாவைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யார், என்ன நிலை, பழுது பார்க்கலாமா, புதிதாகச் செய்ய வேண்டுமா. வண்ணம் உதிர்ந்தது, பூச்சி அரித்தது, சுருண்டது, முடிச்சு அறுந்தது என்று தனித்தனியாகக் குறியுங்கள். எண் போட்டு ஃபோட்டோ எடுங்கள், இப்போது எடுக்கலாம். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து ஒன்று, சாதாரண வெளிச்சத்தில் ஒன்று. இந்தப் பட்டியல் பின்னால் நிதி கேட்கும்போது உங்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த ஆதாரம். "அழிந்துவரும் கலையைக் காப்போம்" என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது. "இந்த இராவணனுக்குப் பத்துத் தலையில் நான்கு போய்விட்டது, புதிதாகச் செய்ய இவ்வளவு ஆகும்" என்று படத்தோடு எழுதினால் அந்தத் தலைகளுக்கு யாராவது பணம் கொடுத்துவிடுவார்கள்.

சட்டம் தொடர்பாக இரண்டு எச்சரிக்கை. பழைய பாவைகளில் மான்தோல் இருக்க வாய்ப்புண்டு. அப்படித் தெரிந்தால் விற்பது, கைமாற்றுவது எதையும் செய்யாதீர்கள், 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். நூறாண்டு கடந்த கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் தடை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பணம் தந்தவருக்குப் பழைய பாவை ஒன்றை அன்பளிப்பாக அனுப்பும் யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பெட்டியில் உள்ளது பெட்டியிலேயே இருக்க வேண்டியது.

கணக்கு போடுவது

மாதிரிக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஊர் விலையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து பேர் குழு. பத்து நாள் ஒத்திகை, மூன்று நாள் ஆட்டம். ஆளுக்கு நாளொன்றுக்கு ₹1,500. இது மட்டும் ₹97,500. பாவைப் பழுதுக்கும் புதுப் பாவைக்கும் ₹50,000. வீட்டுப் பிள்ளை ஒருவர் பெரியவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள மாதம் ₹3,000 வீதம் ஆறு மாதத்துக்கு ₹18,000. திரைத்துணி, மூங்கில், விளக்கு, ஆர்மோனியப் பழுது, மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுவது ₹20,000. வண்டி, சாப்பாடு ₹27,500. இதுவரை ₹2,13,000. கூத்து மறுபடி நடக்க இவ்வளவு போதும்.

படத்துக்கு: மூன்று கேமராவும் ஒலிப்பதிவும் ₹60,000, தொகுப்பும் சப்டைட்டிலும் ₹25,000. நன்றிப் பரிசு, தபால், இணையதளக் கட்டணம் ₹17,000. எதிர்பாராச் செலவுக்கு ₹25,000. மொத்தம் ₹3,40,000.

நான் வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்திருக்கிறேன். முதல் இலக்கு ₹2,13,000, இரண்டாவது ₹3,40,000. முதல் இலக்கோடு பணம் நின்றுபோனாலும் கூத்து நடக்கும். ஒரே ஒரு கேமராவையோ நல்ல ஃபோன் ஒன்றையோ வைத்து எடுத்துக்கொள்ளலாம். நிதி கேட்கும் இடத்திலெல்லாம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மொத்தத்தில் கேமராவுக்கும் தொகுப்புக்கும் சேர்த்துக் கால் பங்குதான் போகிறது என்பதைப் பார்த்ததும் மக்களுக்கு நம்பிக்கை வரும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கான ₹18,000-ஐ எந்த நெருக்கடியிலும் வெட்டாதீர்கள். மற்றதெல்லாம் ஒரு தடவை ஆடுவதற்கு. அடுத்த வருஷமும் ஆட வழி செய்வது அந்தப் பணம் மட்டும்தான்.

பணம் எந்தக் கணக்கில் வர வேண்டும்

இது கொஞ்சம் வறட்சியான பகுதி. ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள்.

உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கில் ஊர்ப் பணத்தை வாங்காதீர்கள். ஒரு நிதியாண்டில் உறவினரல்லாதவர்களிடமிருந்து அன்பளிப்பாக வந்தது மொத்தம் ₹50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே உங்கள் வருமானமாகக் கணக்காகும். கலைஞரின் கணக்கில் வாங்கினாலும் இதே கதைதான்.

ஒரு வழி, நீங்களே சங்கமாகப் பதிவது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஒரே ஒரு கூத்துக்காக இவ்வளவு வேலை தேவையில்லை. ஏற்கெனவே நல்லபடியாக நடக்கும் அறக்கட்டளை ஒன்றைச் சேர்த்துக்கொள்வது இரண்டாவது வழி. புதியவர்களுக்கு இதுதான் சுலபம். கோயில், பள்ளி, நூலகம் சார்ந்த அறக்கட்டளையாக இருக்கலாம். கலை பண்பாடு அவர்கள் நோக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், ரசீது அவர்கள் கொடுப்பார்கள், செலவை இருவர் கையெழுத்தோடு எடுக்கலாம். அவர்களுக்கு 80ஜி என்று வழக்கமாகச் சொல்லும் வரிச்சலுகை அங்கீகாரம் இருந்தால் கொடுக்கிறவர்களுக்கும் அது ஒரு தூண்டுதல். ரொக்கமாக ₹2,000-க்குமேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது; ஆகையால் பெரிய தொகையைக் காசோலையிலோ யூபிஐயிலோ வாங்குங்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களிடம் கேட்கும் எண்ணம் எல்லோருக்கும் வரும். கவனம். இந்தியக் குடியுரிமை வைத்திருக்கும் ஒருவர், துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தாலும், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. கனடா, பிரிட்டன் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவர் உங்கள் சொந்த ஊர்க்காரரே ஆனாலும், அது வெளிநாட்டு நிதிதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. அந்தப் பதிவுள்ள அமைப்பு வாங்கி உங்கள் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. ஆகவே அப்படிப்பட்ட பணம் வேண்டுமென்றால் பதிவுள்ள அமைப்பே இந்த வேலையை எடுத்து நடத்த வேண்டும். ஒரு ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்தக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது. இங்கே மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் உண்டு. அவற்றில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான வேண்டுகோள்களே நிறைந்திருப்பதால், கூத்துக்கான வேண்டுகோளை யாரும் தானாக வந்து பார்க்க மாட்டார்கள். தளத்தைப் பணம் வாங்கும் ஜன்னலாக மட்டும் நினையுங்கள். ஆட்களை நீங்கள்தான் கூட்டிவர வேண்டும்.

யாரிடம் கேட்பது

ஊரில் தொடங்குங்கள். தென்மாவட்டத்தில் அம்மன் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கொடைக் கமிட்டியிடம் போய், "இந்த வருஷம் ஒருநாள் பாட்டுக் கச்சேரிக்குக் கொடுக்கிற பணத்துல பாதி கொடுங்க, கூத்து போடுறோம்" என்று கேட்கலாம். பணமாகத் தர முடியாதவர்கள் வேறு விதத்தில் தருவார்கள். பந்தல்காரர் பந்தல் போடுவார், ஒலிபெருக்கிக்காரர் மைக் தருவார், ஒருவர் பத்துப் பேருக்குச் சாப்பாடு ஏற்பார். இதையெல்லாம் ரூபாய் மதிப்போடு நோட்டில் எழுதுங்கள், மொய் எழுதுவதுபோலவே, பேரும் ஊரும் விடாமல். வெளியாட்களிடம் கேட்கும்போது "ஊர்க்காரர்கள் ஏற்கெனவே இவ்வளவு கொடுத்துவிட்டார்கள்" என்று சொல்ல முடிவது பெரிய பலம்.

அரசுப் பக்கம்: கலை பண்பாட்டுத் துறை, தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம், டெல்லியில் சங்கீத நாடக அகாதெமி. இவர்களிடம் விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு, பணம் வரத் தாமதமாகும். ஆகவே உங்கள் முதல் இலக்கை இவர்களை நம்பி வைக்காதீர்கள். ஆனால் கலைஞரின் பெயரை இவர்கள் பட்டியலில் சேர்ப்பது அவசியம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகாத கலைஞர் இன்னும் எத்தனையோ பேர். படம் எடுக்கிறீர்களோ இல்லையோ, அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் என்று ஒரு அமைப்பு 1993 முதல் இருக்கிறது. ஆய்வுக்கும் கலைச் செயல்பாட்டுக்கும் தனிநபருக்கே நல்கை (உதவித்தொகை) தருகிறவர்கள். வெறும் படப்பிடிப்பு என்று எழுதாமல், நீங்கள் எதைக் கண்டறிய, எதைப் பதிவுசெய்ய விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டும். பெட்டியைத் திறந்து எழுதிய பட்டியல் இங்கேயும் கைகொடுக்கும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் பாரம்பரியக் கலைகளுக்கும் இடமுண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே அது இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கும் அமைப்புக்குத் தனிப் பதிவும், பொதுவாக மூன்று ஆண்டு முன் அனுபவமும் வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

நேரம் பார்த்துக் கேளுங்கள். மார்ச் 21 உலகப் பாவைக்கலை நாள். மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது, வரிச்சலுகைக்காகக் கொடுக்கிறவர்கள் அப்போது கொடுப்பார்கள். பங்குனி, சித்திரை திருவிழாக் காலமும் அதை ஒட்டி வருகிறது. பிப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் முடிவில் நிறுத்தினால் மூன்றும் சேரும். ஐந்து வாரத்துக்குமேல் இழுத்தால் கேட்கிறவர்களுக்கும் சலித்துவிடும், கொடுக்கிறவர்களுக்கும் சலித்துவிடும்.

கேட்கும் விதம்

இரண்டு நிமிட வீடியோ ஒன்று போதும். நீங்கள் பேசாதீர்கள், கலைஞர் பேசட்டும். அவரையும் வறுமையைச் சொல்லி அழவைக்காதீர்கள். அவர் கையில் ஒரு பாவையைக் கொடுத்து, திரைக்குப் பின்னால் விளக்கைப் போட்டுவிட்டால் போதும். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் வந்து நாலு வார்த்தை பேசிக்கொண்டால் அதைவிட நல்ல வேண்டுகோளை யாரும் எழுத முடியாது. கூத்தின் நடுவில் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்கவைக்கும் இந்த இரண்டு பேரும்தான் நாஞ்சில் நாட்டுக் குழந்தைகள் நெஞ்சில் நின்றவர்கள்.

நன்றிப் பரிசையும் கூத்துக்குள்ளிருந்தே எடுங்கள். ஆட்டத்தின் நடுவே அன்பளிப்பு கொடுத்தவர் பேரைச் சொல்லி வாழ்த்துவது கூத்து மேடைகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். ₹500 கொடுத்தவர் பேரை உச்சிக்குடும்பன் வாயால் சொல்லவைத்து, அந்தப் பத்து விநாடியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். செலவே கிடையாது, வெளியூரில் இருப்பவர்கள் அதைத் தங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். ₹5,000-க்குமேல் கொடுத்தவர்களுக்குப் புதிதாகச் செய்த சின்னப் பாவை ஒன்று தரலாம். அதைச் செய்யக் கலைஞருக்குத் தனிக்கூலி கொடுங்கள். பரிசு என்ற பேரில் அவரிடம் இலவச வேலை வாங்காதீர்கள். டீ-ஷர்ட், கீ-செயின் எல்லாம் வேண்டாம்.

தொடங்கும் நாளுக்கு முன்பே, கட்டாயம் கொடுப்பார்கள் என்று தெரிந்த இருபது முப்பது பேரிடம் தனித்தனியாக ஃபோனில் பேசி வையுங்கள். முதல் இரண்டு நாளில் அவர்கள் பணம் வந்துவிட வேண்டும். குழுவில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் கைகூப்பும் படங்கள்தான் வரும்.

கூத்து, அதன்பின் படம்

ஒத்திகையை எடுத்த எடுப்பில் முழுக்கதையோடு தொடங்க வேண்டாம். பத்து நாள் இராமாயணத்தில் பெரியவருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கும் ஒரு பகுதியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நல்லதங்காள் கதை, அரிச்சந்திரன் கதை தெரிந்த குடும்பங்களும் உண்டு. ஒத்திகையில் அவர் சொல்லும் வசனத்தையெல்லாம் ஒலிப்பதிவு செய்து, அன்றன்றைக்கே ஒருவர் எழுத்தில் எழுதிவிட வேண்டும். இந்தக் கூத்துக்கு எழுதிவைத்த பிரதி கிடையாது, அப்பா வாயிலிருந்து மகன் வாய்க்கு வந்தது. மாதம் கழித்து எழுதலாம் என்று விட்டால் பாதி வட்டாரச் சொல்லுக்கு அர்த்தம் கேட்க மறுபடி அவரிடம் ஓட வேண்டியிருக்கும்.

மூன்று நாள் ஆட்டத்தில் முதல் நாள் படமெடுக்காதீர்கள். அது ஊருக்கான ஆட்டம். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே தொய்கிறது என்பதை அன்று கலைஞரும் தெரிந்துகொள்வார், கேமராக்காரரும் தெரிந்துகொள்வார். இரண்டாம் நாள் முழு ஆட்டத்தையும் நிறுத்தாமல் எடுங்கள். மூன்றாம் நாள் திரைக்குப் பின்பக்கம் நடப்பதை எடுங்கள். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி வைக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடம் கொடுப்பதில்லை. காவல் நிலையத்தில் மைக் அனுமதி வாங்கிக்கொண்டு, ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

நிழலைப் படமெடுப்பது தனி வேலை. கல்யாண வீடியோ எடுக்கிறவர் நன்றாகவே எடுப்பார், ஆனால் சில விஷயங்களை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். திரை வெளுத்து, பாவையின் சிவப்பும் பச்சையும் கரைந்துபோகும். ஆகவே பாவையின் நிறம் சரியாகத் தெரியும் அளவில் கையால் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நிறச்சமநிலையையும் அப்படியே பூட்ட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் திரை துடிப்பது நிற்கும். மலிவான எல்இடி பல்பு எப்படியும் துடிக்கும், பாட்டரியில் எரியும் விளக்காக வாங்கிவிடுங்கள். பல்பு திரைக்கு நேர் நடுவில் இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் பொட்டாக எரியும். கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள், ஆனால் கலைஞரின் கைக்கு இடைஞ்சலாக இருந்தால் அவர் சொல்வதே முடிவு. பெரியவர் சம்மதித்தால் ஒரே ஒரு காட்சியை எண்ணெய் விளக்கில் எடுத்துப் பாருங்கள். சுடர் அசையும்போது பாவை மூச்சுவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

முதல் கேமரா திரையின் நடு உயரத்துக்கு நேராக, தூரத்தில், முக்காலியில் அசையாமல். இரண்டாவது திரைக்குப் பின்னால், கலைஞரின் கையும் முகமும் தெரியும்படி. மூன்றாவது பார்வையாளர் பக்கம். குழந்தைகள் முகத்தை விட்டுவிடாதீர்கள். ஒலியைக் கேமராவில் நம்பாமல் தனி ரெக்கார்டரில் எடுங்கள்: கலைஞருக்குச் சட்டையில் ஒரு மைக், ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் வேறொன்று. ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தத்தை மறுபடி பதிவு செய்தால் குரல் மாற்றும் நுணுக்கமெல்லாம் போய்விடும். நடுவில் ஆட்டக்காரிப் பாவை சினிமாப் பாட்டுக்கு ஆடும் வழக்கம் இருந்தால், அந்தப் பகுதியை இணையத்தில் ஏற்றும்போது இசை உரிமைக்காரர்கள் கோரிக்கை வரும். முழுப் பதிவில் அது இருக்கட்டும், வெளியிடும் பதிப்பில் ஆர்மோனியத்தில் வாசித்த நாட்டுப்புற மெட்டு ஒன்றுக்கு ஆடுவதைத் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவே எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கணக்கு ஒப்படைப்பது

கூத்து முடிந்த இரண்டு வாரத்துக்குள், படம் தயாராகாவிட்டாலும், வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். கலைஞர்களுக்குக் கொடுத்ததை வவுச்சரில் கையெழுத்தோடு வையுங்கள். நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் இதே பக்கம் போக வேண்டும். ஊருக்கு ஒரு பிரதியை அச்செடுத்துக் கோயில் சுவரிலோ டீக்கடையிலோ ஒட்டுங்கள். மிச்சம் இருந்தால் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பணம் கேட்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இன்னும் சில மாதம் கொடுப்பது என்று எழுதிவைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

முழுப் பதிவின் ஒரு பிரதி கலைஞரின் வீட்டுக்குப் போக வேண்டும், பென்டிரைவில் போட்டு, அவர்கள் டிவியில் ஓடுகிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு. எழுதியெடுத்த வசனத்தையும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கட்டிக் கொடுங்கள். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அது வேண்டும்.

படம் வெளிவந்த மாதமே இன்னொரு வேலை இருக்கிறது. படத்திலிருந்து ஒரு நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி, கலைஞர் சம்மதித்தால் அவருடைய ஃபோன் எண்ணையும் போட்டு, சுற்றுவட்டாரக் கொடைக் கமிட்டிகளுக்கும் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் அனுப்புங்கள். எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு நேரம் ஆடுவார்கள், மேடைக்கு என்ன இடம் வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று ஒரு தாளும் அதோடு போகட்டும். கட்டணத்தைக் கலைஞரே சொல்லட்டும். வாய்ப்பு வரட்டுமே என்று நீங்கள் குறைத்துப் போடாதீர்கள்.